பங்கர் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் பங்கர் (பந்தைச் சிக்கவைக்கும் மணல் குழி) வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் புரட்டிப் பார்க்கலாம். எதை ஏன் மாற்றினோம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

அதிகம் பேச்சு வாங்கியது ஆறாவது ஹோல், அதாவது ஆறாவது ஆட்டப் பகுதி. வலப்பக்கம், முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இரண்டு பங்கர்கள் இருந்தன. பலமாக அடிப்பவர்களின் பந்து அவற்றைத் தாண்டிப் பறந்துவிடும். மூத்த உறுப்பினர்களின் பந்துதான் உருண்டுபோய் விழும். ஏற்கெனவே தூரம் குறைந்தவரை இன்னும் வாட்டும் குழி எதற்கு? இரண்டையும் மண் போட்டு மூடி, கிக்குயு புல் பதித்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக இடப்பக்க வளைவில் ஒன்று வெட்டியிருக்கிறோம். துணிந்து அதை ஒட்டிப் பந்தை நிறுத்தினால், எதிரே கிரீன் (பந்து போய்ச் சேர வேண்டிய குழி உள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை) தடையில்லாமல் கிடக்கும். வலப்பக்கம் ஒதுங்கினால் ஆபத்தில்லை. ஆனால் அடுத்த அடியை கிரீனுக்கு முன்னால் உள்ள பழைய பங்கரைத் தாண்டி அடிக்க வேண்டும். டீயில் நிற்கும்போதே ஆட்டக்காரரை யோசிக்க வைக்கிற பங்கர்தான் நல்ல பங்கர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பங்கர்கள். 2000-ல் அங்கே நடந்த ஓபன் போட்டியில் டைகர் வுட்ஸ் நான்கு நாளும் பந்தை ஒன்றில்கூட விழவிடாமல் 8 ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் வென்றார். கை பலம் மட்டும் இருந்தால் அது நடக்காது.

புதிய பங்கருக்கு இடத்தைக் குறித்துக் கொடுத்தது, ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் நம் கேடிகள். ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் காற்று லேசு, பந்து சமவெளியைவிடக் கூடுதல் தூரம் போகும். வெளியூர் அளவு இங்கே உதவாது. உறுப்பினர்களின் முதல் அடி நின்ற இடத்திலெல்லாம் கேடிகள் மூங்கில் குச்சி நட்டுவைத்தார்கள். குச்சிகள் அடர்ந்து நின்ற இடத்தின் இடது ஓரம்தான் இன்றைய பங்கர். வெட்டியது முழுக்க மண்வெட்டியால்.

மணல்தான் பாடாய்ப் படுத்தியது. வத்தலக்குண்டு வழியாக மலையேறி வந்த முதல் லோடைக் கொட்டி, இடுப்புயரத்திலிருந்து ஒரு பந்தைப் போட்டோம். பாதி புதைந்துவிட்டது. மணி மணியாக உருண்டையான மணல் அப்படித்தான், பிடிமானம் இராது. திருப்பி அனுப்பிவிட்டு, முனையுள்ள மணலாகப் பார்த்து வாங்கினோம். அடியில் சரளை, துளையிட்ட குழாய். அதன்மேல் தரையில் 4 அங்குலம், சரிவில் 2 அங்குலம் மணல். ஐப்பசி அடைமழைக்கு மறுநாள் காலை போய்ப் பார்த்தோம், சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

காட்டுமாடுகள் இறங்கினால் ஓரம் இடியும் என்பதால் விளிம்பைத் தாழ்வாக, புல் சரிவாக விட்டிருக்கிறோம்.

அப்புறம், பங்கரிலிருந்து மீள முடியாதவர்கள் 2019 விதிப்படி இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக் ஏற்று, கிரீனில் உள்ள கொடியையும் பந்தையும் சேர்க்கும் நேர்கோட்டில் பங்கருக்குப் பின்னால் வெளியே பந்தை டிராப் செய்து (கையால் கீழே போட்டு) ஆடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதினொன்றாவது ஹோலில் வடிகால் வாய் மட்டும் பாக்கி. புதிய புல் வேர் பிடிக்கும்வரை கயிறு கட்டிய இடங்களில் யாரும் மிதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மைதானப் பராமரிப்புக் குழு