பத்தாயத்தைப் பிரித்துவிட்டேன்

நீடாமங்கலம்
தை 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சம்பா அறுத்தாகிவிட்டது, நெல்லும் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சித்தப்பா உன்னைக் கூப்பிடுவார். "உங்கம்மா தாத்தாவோட பத்தாயத்தை உடைச்சுட்டாங்க" என்பார். உடைக்கவில்லை, பிரித்தேன். ஆசாரியை வைத்து, ஒரு பலகைகூடக் கீறாமல் பிரித்தேன். அந்த மரப்பெட்டியில் கடைசியாக நெல் கொட்டியது நீ பிளஸ் டூ படித்த வருஷம். அதற்கப்புறம் அறுவடை மிஷின் வந்தது, நெல் வயலிலிருந்து நேரே லாரிக்குப் போகிறது. பத்தாயத்தில் எலிதான் குடும்பம் நடத்தியது. காரைக்குடியிலிருந்து பழைய மரச்சாமான் வாங்குகிற ஆள் ஒருவர் இரண்டு தடவை வந்து விலை கேட்டார். விற்றிருந்தால் ஏதோ ஒரு ஓட்டல் வரவேற்பறையில் நின்றிருக்கும். அதற்குச் சித்தப்பா ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். வீட்டுக்குள்ளேயே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அப்பாவைக் கேட்டால் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார்.

வேறு வேலை என்றால், உன் ஆர்க்கிட்டுகளுக்கு அலமாரி. நீ பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தாயே, அந்த ஐந்து செடிகள். கொல்லை மாமரத்தடியில் நன்றாகத்தான் இருந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரம் வேரோடு போய்விட்டது, நிழலும் அதோடு போனது. நிழல்வலை கட்டிப் பார்த்தேன். சித்திரையில் இலை கருகியது, ஐப்பசி மழையில் குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகியது. இதற்கு நடுவில் குரங்குகள். ஐந்தில் மிஞ்சியவை மூன்று: இரண்டு ஃபலனாப்சிஸ், ஒரு டென்ட்ரோபியம். அப்புறம்தான் பத்தாயம் இருந்த அறைக்குள் கொண்டுபோகலாம் என்று தோன்றியது. அந்த அறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல்தான் என்பது உனக்குத் தெரியும். விளக்கு போட்டால்தான் உண்டு.

முதலில் ஏமாந்தேன். செடி வளர்க்கும் விளக்கு என்று ஊதா நிறத்தில் எரிகிற ஒன்றை வாங்கினேன். அறையே நாடகக் கொட்டகை மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு அத்தை வந்து, "என்ன, யாருக்காவது மாந்திரீகமா?" என்று கேட்டார். அதுகூடப் பரவாயில்லை. அந்த வெளிச்சத்தில் இலை பச்சையா, மஞ்சளா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று ஒன்றுமே தெரியவில்லை. ஆர்க்கிட் தன் நிலைமையை இலை நிறத்தில்தான் சொல்லும். கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூக்காது. மஞ்சளடித்தால் வெளிச்சம் அதிகம். நடுவில் இளம்பச்சையாக இருந்தால் நிம்மதி. ஊதா விளக்கைக் கழற்றிவிட்டு, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நாலடி எல்.இ.டி. டியூப், 20 வாட், வெள்ளை நிறம், அதையே வாங்கிப் போட்டேன்.

ஒரு தட்டுக்கு இரண்டு டியூப் போட்டு, உன் பழைய போனில் லக்ஸ், அதாவது வெளிச்சத்தின் அளவு, பார்க்கிற ஆப்பை வைத்து இலைமேல் அளந்தேன். ஐயாயிரத்தைத் தாண்டவில்லை. வெளியே உச்சிவெயிலில் ஒரு லட்சம் இருக்கும், அதைப் பார்த்த கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. மூன்றாவது டியூபும் போட்டு, மேல்பலகையின் அடிப்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்ததும் எட்டாயிரம் வந்தது. ஃபலனாப்சிஸுக்கு அது போதும். இலைக்கும் டியூபுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. இரண்டு சாண் தூக்கினால் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடுகிறது. டென்ட்ரோபியத்துக்கு இதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதை முற்றத்திலேயே கட்டித் தொங்கவிட்டேன், தினமும் காலை வெயில் அதற்கு.

அலமாரி இரண்டு தட்டு. தட்டை அடைப்பாக வைக்காமல் பலகைக்குப் பலகை இரண்டு விரல் இடைவெளி விடச் சொன்னேன். காற்று கீழிருந்து மேலே போகவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் வரும். மூலையில் ஒரு சின்ன ஃபேனும் பகலெல்லாம் ஓடுகிறது. தொட்டிகளுக்கு அடியில் தகரத் தட்டு, அதில் கூழாங்கல், கல்லுக்குக் கீழே தண்ணீர். தொட்டி தண்ணீரில் உட்காரக்கூடாது. மூன்று நாளைக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரைக் கொட்டாவிட்டால் கொசு முட்டையிடும், அது இங்கே தனிக் கதை.

வயரிங்கில் கஞ்சத்தனம் பண்ணாதே. நான் முதலில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் செருகி, ஈரக் கையோடு தொட்டு, சுரீரென்று வாங்கினேன். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது எர்த்தோடு தனி லைன், கசிவு வந்தால் தானே அணைகிற பிரேக்கர், வயரெல்லாம் தலைக்குமேல். தண்ணீர் தெளிக்கும் முன் மெயினை அணைக்கிறேன். டைமர் காலை ஆறுக்குப் போட்டு மாலை ஆறுக்கு அணைக்கும். முள் வைத்த பழைய மாடல் என்பதால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். ஒருநாள் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை, அன்று ராத்திரி பத்து மணிவரை விளக்கு எரிந்தது. செடிக்கும் இருட்டு வேண்டும், எழுந்துபோய்த் திருத்தினேன். ஆறு டியூபுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் போல ஆகிறது. இரண்டு மாதத்துக்குக் கொடுக்கும் இலவச நூறு யூனிட் பெரும்பாலும் இதற்கே சரி. சித்தப்பா கேட்டால் இதை மட்டும் சொல்லிவிடாதே.

தண்ணீர் விஷயம். நம் போர் தண்ணீர் உப்பு. ஊற்ற ஊற்றத் தொட்டியில் போட்ட கரித்துண்டுகளின்மேல் வெள்ளையாகப் படிந்தது, வேர் நுனி கருகியது. ஐப்பசி மழையில் ஓட்டுத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து அதைத்தான் ஊற்றுகிறேன். வேர் வெள்ளிபோல வெளுத்திருந்தால் ஊற்று, பச்சையாக இருந்தால் விடு. அதற்காகவே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தொட்டி. உரம் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19, லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை.

மார்கழி 25 அன்று ஒரு செடியில் இலையிடுக்கில் ஏதோ முளைத்திருந்தது. வேர் என்றுதான் நினைத்தேன். வேர் நுனி உருண்டையாக இருக்கும், இது தட்டையாக, குழந்தைக் கையுறை மாதிரி இருந்தது. பூந்தண்டு! வெளிச்சம் மட்டும் போதாது, சில வாரம் ராத்திரிக் குளிரும் வேண்டும் இந்தச் செடிக்கு. மார்கழியில் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன், 22 டிகிரி வரை இறங்கியது. பங்குனிக்குள் பூக்கலாம். தொட்டியைத் திருப்பாமல் வைத்திருக்கிறேன், திருப்பினால் தண்டு விளக்கைத் தேடி வளைந்துவிடும்.

ஆசாரி ஒரு பலகையை எடுத்துக் காட்டினார். உட்பக்கம் முழுக்கத் தாத்தா கரியால் கிழித்த கோடுகள், எத்தனை கலம் நெல் என்ற கணக்கு. அதை மட்டும் பெயிண்ட் அடிக்காமல் மேல்தட்டின் முகப்பில் வைத்திருக்கிறேன். நெல் தள்ளுகிற அந்தச் சின்ன வாய்ப்பலகை பரணில் பத்திரமாக இருக்கிறது, சித்தப்பாவுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.

ஸ்டாக்ஹோமில் மார்கழியில் ஆறு மணி நேரம்தான் பகல் என்றாய். கடையில் வாங்கிய ஆர்க்கிட் பூ உதிர்ந்து மொட்டையாக நிற்கிறது, தூக்கிப்போடப் போகிறேன் என்றாய். போடாதே. ஒரு மேசை விளக்கு, அதில் வெள்ளை எல்.இ.டி. பல்பு, ஒரு சாண் உயரம், பன்னிரண்டு மணி நேரம். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. குளிருக்கு உனக்குப் பஞ்சமில்லை, ராத்திரி ஜன்னலோரம் கொஞ்சம் குளிர்ந்தால் போதும், கண்ணாடியில் இலை ஒட்டக்கூடாது. இப்போது அதில் எத்தனை இலை இருக்கிறது, வேர் என்ன நிறம் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா