ஃபியூஸ் மாற்றியது போதும், ஷார்ட் எங்கே என்று பாருங்கள்

அனுப்புநர்: சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், பைன்டவுன் கிளை

பொருள்: புதிய காரில் உள்விளக்கு ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்துபோவது பற்றி

ஐயா / அம்மா,

வணக்கம். ஆங்கிலத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்ற ஒரே பதில்தான் வருகிறது. காரை விற்கும்போது உங்கள் ஆள் எங்களிடம் தமிழில் பேசித்தான் விற்றார். அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். அவரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எந்த ஃபியூஸ் என்று நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் கார், உங்கள் கையேடு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற பெட்டியில் அந்தச் சிவப்பு 10 ஆம்பியர்தான். அது போனால் கூரை விளக்கும் டிக்கி விளக்கும் ஒன்றாக அணைகின்றன, ரேடியோவில் வைத்த ஸ்டேஷன்களும் அழிந்துபோகின்றன. ஒவ்வொரு முறையும் லோட்டஸ் எஃப்எம்மை அம்மாவுக்காக மறுபடி தேடி வைக்கிறேன். புது ஃபியூஸ் போட்டால் சில நாள் விளக்கு எரிகிறது. அப்புறம் டிக்கிக் கதவைத் தூக்கும் ஒரு நேரத்தில் பட்டென்று போய்விடுகிறது. டிக்கிக் கதவைத் தூக்கும்போதுதான் போகிறது என்று வந்த முதல் நாளே சொன்னேன். உங்கள் ஜாப் கார்டில் அந்த வரியே இல்லை. "லைட் எரியவில்லை, ஃபியூஸ் மாற்றப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது.

உங்கள் சர்வீஸ் அட்வைசர் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் எழுதவில்லை, ஜாப் கார்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. காலையில் கடை திறக்கும் முன்பே வந்து நின்ற என்னை மதியம்வரை உட்கார வைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் இன்று லீவு என்றார். அப்படியென்றால் இன்றைக்கு வரச்சொல்லி எஸ்எம்எஸ் அனுப்பியது யார் என்று கேட்டேன். அதற்கு அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "உள்ளே லைட் இல்லாவிட்டால் என்ன, கையில் மொபைல் இருக்கிறதே, டார்ச் அடித்துக்கொள்ளுங்கள்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த ஊரில் இராத்திரி நேரத்தில் காருக்குள் ஏறுமுன் பின்சீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது எதற்காக என்று அவருக்குத் தெரியாதா? கார் பறிகொடுத்தவர்கள் இல்லாத தெரு சாட்ஸ்வொர்த்தில் எது?

சரி, கோபத்தை விடுகிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபியூஸ் தேய்ந்துபோகிற பொருள், வாரண்டியில் வராது என்று உங்கள் தொலைபேசிப் பெண் சொன்னார். ஃபியூஸ் என்ன பிரேக் பேடா, தேய்வதற்கு? வயரில் அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் வயரைக் காப்பாற்றத் தான் எரிந்துபோவதுதான் அதன் வேலை. எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது, நீங்கள் அதன் வாயை அடைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். கடைசியாக அடைத்த விதம் இன்னும் மோசம். வீட்டில் மூடியைத் திறந்து பார்த்தால் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீலம், 15 ஆம்பியர்! அதே மெல்லிய வயருக்குப் பெரிய ஃபியூஸ். ஃபியூஸ் பிழைத்து வயர் சூடாகி, கூரைத் துணிக்குள் தீப்பிடித்தால் யார் பொறுப்பு? இதைச் செய்தவர் உங்கள் ஒர்க்ஷாப்பில் இன்னமும் வேலை பார்க்கிறாரா?

இன்னொன்று. கோளாறு கண்டுபிடிக்கிற டயக்னாஸ்டிக் மெஷினைச் செருகும் சாக்கெட்டில் உயிரே இல்லை, அது வேறு கோளாறு, தனியாகப் பணம் கட்டுங்கள் என்று ஒரு பில் நீட்டினீர்கள். அந்த சாக்கெட்டுக்கும் இதே ஃபியூஸ்தான் என்று உங்கள் கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறது. நான் படித்துவிட்டேன், உங்கள் ஆட்கள் எப்போது படிப்பார்கள்?

பிறகு எல்லாப் பழியையும், கார் திருடுபோனால் இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் மேல் போட்டீர்கள். டிராக்கர் பொருத்துகிறவரைக் கேட்டால் அவர் கார் கம்பெனி மேல் போடுகிறார். ஐயா, இன்சூரன்ஸ் கேட்கிறது என்று காரை என்னிடம் ஒப்படைக்கும் முன் அதைப் பொருத்தியதே உங்கள் கிளைதான், உங்கள் இன்வாய்ஸில்தான் அதற்கும் காசு வாங்கினீர்கள்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் கார் எலக்ட்ரீஷியனாக இருக்கிற என் மச்சான் சொன்னதை எழுதுகிறேன், உபயோகப்படட்டும். ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் மாட்டுங்கள். டிக்கிக் கதவை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். கூரையிலிருந்து கதவுக்கு வயர் போகிற ரப்பர்க் குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் லேம்ப் பளிச்சென்று எரிகிறதோ அங்கேதான் உறை உரிந்து வயர் பாடியில் உரசுகிறது. அவரே செய்து தருவார். ஆனால் வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டியிருக்கிறீர்கள். வெளி ஒர்க்ஷாப்புக்குப் போவதாலேயே வாரண்டியை மொத்தமாக ரத்துசெய்யக் கூடாது என்றுதான் 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. இருந்தாலும் உங்களுக்குச் சாக்கு தர எனக்கு விருப்பமில்லை, நீங்களே செய்யுங்கள்.

ஈஸ்டர் வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலிலிருந்து இருட்டியபின் திரும்பும்போது அம்மாவின் கம்மல் திருகு பின்சீட்டில் விழுந்தது. விளக்கு இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. அது என் பாட்டி போட்ட கம்மல், அதற்கு விலையே கிடையாது. நான் போட்ட லீவு, எம்1 சாலையில் எரித்த பெட்ரோல், எங்கள் வீட்டில் போன நிம்மதி எல்லாவற்றுக்கும் சேர்த்து 50,000 ராண்ட் கேட்டாலும் குறைவுதான்.

கார் வாங்கி இன்னும் 6 மாதம் ஆகவில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56ஆம் பிரிவில் என்ன சொல்கிறது என்று உங்கள் வக்கீலைக் கேளுங்கள். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு. பழுது பார்த்த 3 மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். திரும்பியிருக்கிறது. கார்ப் புகார்களை விசாரிக்கும் மோட்டார் துறை ஆம்புட்ஸ்மனுக்கான படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். அங்கேயும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம்.

அதுவரை போக எனக்கும் ஆசையில்லை. கார் நல்ல கார், இந்த ஒன்றைத் தவிர. தயவுசெய்து அடுத்த வெள்ளிக்குள் ஒரு நாள் குறித்து எழுத்தில் அனுப்புங்கள். அன்றைக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்கு வருகிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றுகிற வயரையும் ஃபியூஸையும் எறியாமல் என்னிடம் கொடுங்கள். அந்த நீல ஃபியூஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. டார்ச் அடிக்கச் சொன்னவருடைய மேஜைக்கு மட்டும் என்னை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்