வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் வழி வையுங்கள்: மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் செங்கலடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் பக்கத்து வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள். அந்த உரிமையோடுதான் எழுதுகிறேன்.

வெளிநாட்டு மாணவர்களை அழைக்க வேண்டும், இலங்கையை உயர்கல்வி மையமாக்க வேண்டும் என்ற பேச்சு ஆட்சிகள் மாறினாலும் மாறாமல் வருகிறது. அந்தப் பேச்சில் கொழும்பு வரும், தனியார் கம்பஸ்கள் வரும், டொலர் வரும். கிழக்கின் பல்கலைக்கழக ஊர்களான வந்தாறுமூலையும் ஒலுவிலும் வருவதில்லை. தேசியத் திட்டம் என்று பெயர் வைக்கும் ஒன்றில் கிழக்கு விடுபடக்கூடாது என்று கேட்கிறேன். சலுகைக்காக அல்ல, திட்டம் வெற்றி பெறவே எங்களைச் சேர்க்க வேண்டும் என்று நம்புகிறேன்.

முகாமைத்துவமோ கணினியோ படிக்க விரும்பும் கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு அங்கேயே தாராளமாக இடம் இருக்கிறது. மலேசியா 2025க்குள் இரண்டரை இலட்சம் வெளிநாட்டு மாணவர் என்று இலக்கு வைத்து, விசா வேலைக்கென்றே 2012இல் தனி நிறுவனம் அமைத்த நாடு. இந்தியா 2018இல் வெளிநாட்டு மாணவரை அழைக்கும் தன் திட்டத்தைத் தொடங்கியது. எல்லோரும் விற்கும் பட்டத்தையே நாமும் விற்கப் போனால் அவர்களோடு போட்டியிட நம்மிடம் பணமும் இல்லை, பெயரும் இல்லை. வேறெங்கும் படிக்க முடியாததைப் படிக்க வருகிறவர்தான் இவ்வளவு தூரம் வருவார்.

அப்படி ஒன்று மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறது. சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம் எல்லாம் கற்பிக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் இன்னும் வட்டக்களரியில் ஆடப்படுகின்றன. ஆடுபவருக்கு அவரவர் பகுதியைச் சட்டமாக எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை), அதன் பிறகே அரங்கேற்றம். விடிய விடிய ஆட்டம். இதை வகுப்பறையில் மட்டும் படித்து முடிக்க முடியாது. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரோடு ஊரில் இருக்க வேண்டும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மேடையேற்றியபோது, மாணவர்களைப் பழக்க மலையேறிப் போனவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். அன்று ஆடிய மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறைக்கே கூத்தைக் கற்றுக்கொடுத்தார். உலகின் எந்த நாடகப் பள்ளி மாணவருக்கும் ஓராண்டு இங்கே தங்கிப் படிக்கப் போதுமான செல்வம் இது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் பிறந்து வளர்ந்த எங்கள் பேரப்பிள்ளைகளே முதலில் வருவார்கள். அவர்களுக்கு நான்கு வருடப் பட்டம் வேண்டாம். ஒரு பருவம் அல்லது ஒரு வருடம் படித்து, அந்தப் புள்ளிகளைத் தங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ள வழி இருந்தால் போதும். அந்த ஒப்பந்தங்களைச் செய்துகொடுங்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது. ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே உண்டு. படிப்புக்காகவும் மருத்துவத்துக்காகவும் கொழும்பில் குடியிருக்கும் மாலைதீவுக் குடும்பங்கள் அந்தப் பீடத்தை அறிவார்களா? யாராவது போய்ச் சொல்லியிருக்கிறோமா?

படிப்பு இந்தக் கரையிலிருந்து வெளியே போனதும் உண்டு. காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. இனி எங்களிடம் படிக்க மற்றவர்கள் வரட்டும் என்று நாங்கள் ஆசைப்படுவதில் தவறில்லை.

ஆனால் அழைக்கும் முன் வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டும், ஐயா. 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் பல்கலைக்கழகங்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் முடங்கின. ஊழியர்களின் கோரிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நான்கு வருடப் பட்டம் ஐந்தையும் தாண்டினால் எங்கள் பிள்ளை பொறுத்துக்கொள்வான், வேறு வழியில்லை. விசா முடியும் திகதி கையில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளை என்ன செய்வாள்? அந்த விசாவைப் புதுப்பிக்க மட்டக்களப்பிலிருந்து பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஓடவைக்காமல் பல்கலைக்கழகத்திலேயே அலுவலைப் பார்க்க ஒருவரை அமர்த்துங்கள்.

பகிடிவதையைப் (ராகிங்) பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னும் முதலாம் வருடப் பிள்ளையைப் பெற்றவர்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளே பயந்து நுழையும் வாசலுக்கு வேறு நாட்டுப் பிள்ளையை எந்த முகத்தோடு அழைப்பது?

அடுத்தது இருப்பிடம். கனடா 2014இல் வகுத்த திட்டத்தில், 2022க்குள் நாலரை இலட்சம் வெளிநாட்டு மாணவர் என்று இலக்கு வைத்தது. அந்த எண்ணிக்கை முன்கூட்டியே வந்து, பின் பெருகிப் பெருகி, வீட்டு வாடகை ஏறி, ஊரார் முகம் சுளித்து, கடைசியில் 2024 ஜனவரியில் அரசே மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நாட்டுக்கே அந்த நிலை. எங்கள் ஊரில் மாணவர்கள் தங்கும் போடிங் அறைகள் இப்போதே போதாது. விடுதி கட்டாமல் தலைகளை எண்ணி அழைத்தால் பாதிக்கப்படுவது பதுளையிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வந்து படிக்கும் ஏழைப் பிள்ளைதான். எனவே வெளிநாட்டு மாணவரிடம் வாங்கும் கட்டணம் திறைசேரிக்குப் போய்க் கரைந்துவிடாமல், அவர்கள் படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே விடுதிக்கென்று ஒதுக்கப்பட வேண்டும்.

மிகவும் முக்கியமாக ஒன்று. உயர்தரப் பரீட்சையில் தகுதி பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லை. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுபோய், மேசையில் தலையைக் கவிழ்த்து அழுத பிள்ளைகளை ஆசிரியையாக நான் கண்டிருக்கிறேன். கண்ணங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்து ஆளானவள் நான். வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் ஒவ்வோர் இடமும் கூடுதலாக உண்டாக்கிய இடமாக இருக்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளையின் இடத்திலிருந்து ஒன்றுகூடக் குறையக் கூடாது. மட்டக்களப்பும் அம்பாறையும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டில் உள்ளவை. அந்த ஒதுக்கீட்டைத் தொடமாட்டோம் என்று திட்டத்தில் எழுத்தில் போடுங்கள். அந்த உறுதி இல்லாவிட்டால் இந்தத் திட்டத்தை நானே எதிர்ப்பேன்.

திட்டத்தின் வரைவைத் தமிழிலும் வெளியிடுங்கள். கருத்துக் கேட்கும் அமர்வுகளைக் கொழும்பில் மட்டும் நடத்தாமல் வந்தாறுமூலையில் ஒன்று, ஒலுவிலில் ஒன்று வையுங்கள். விரிவுரையாளர்களோடு அண்ணாவிமாரையும், போடிங் நடத்தும் வீட்டுக்காரரையும், முதலாம் வருட மாணவர்களையும் அழையுங்கள். திகதியை ஒரு மாதம் முன்பே அறிவித்தால் நாங்கள் தயாராக வருவோம்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை
செங்கலடி, மட்டக்களப்பு