திருப்பி மாட்டிய லென்ஸ்

அன்புள்ள சுந்தரம்,

நலம். அங்கும் நலமே என்று நம்புகிறேன். இத்தனை மாத மௌனத்திற்கான வசவுகளை அடுத்த கடிதத்திற்கு ஒத்திவை. கோடக்கின் பழைய பெட்டிக் கேமராவான பிரௌனி ஹாக்ஐயின் லென்ஸைத் திருப்பி மாட்டிவிட்டேன். கழுவிய நெகட்டிவ்களும் கைக்கு வந்துவிட்டன.

நீயும் வாசுவும் 'பேக்லைட் டப்பா' (அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) என்று சிரித்த அதே கேமராதான். முன்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஒரே ஒரு வில்லை. ஒரு புறம் குழிவு, மறுபுறம் குவிவு. அந்த வளைவையும் ஒளி புகும் துளையின் இடத்தையும் பொருத்தமாக அமைத்ததால்தான் அவ்வளவு எளிய லென்ஸிலும் ஓரம்வரை ஓரளவு தெளிவு கிடைக்கிறது. வில்லையை முன்பின்னாகத் திருப்பினால் அந்தப் பொருத்தம் கெடுகிறது. நடுவே தெளிவு நிற்க, ஓரங்கள் சுழன்று கரைகின்றன. ஃபோகஸும் அருகே நகர்ந்துவிடுவதால், பக்கத்தில் இருப்பவர் தெளிவாகவும் தொலைவு முழுவதும் புகையாகவும் பதிகிறது.

சித்தியை மாடிப்படியில் உட்கார வைத்து எடுத்தேன். மூக்குக் கண்ணாடியின் விளிம்பும் இடது கண்ணும் துல்லியம். நரைத்த தலைமுடி கலங்கிய வெளிச்சத்தோடு கலந்துவிட்டது. பின்னாலிருந்த கம்பிக் கிராதி வில்லாக வளைந்து நிற்கிறது. மரத்தையும் மதிலையும் எடுத்தவை மட்டும் சுத்தமான குப்பை. முகம் இல்லாவிட்டால் இந்த மயக்கம் இரண்டே படத்தில் திகட்டிவிடுகிறது.

கணினியில் ஒரு நொடியில் மங்கலாக்கலாமே என்பாய். 1860களில் ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் முகப்படங்களைப் பார்த்து, ஃபோகஸ் செய்யத் தெரியாதவர் என்று குறை சொன்னதும் உன் கூட்டம்தான். கணினியில் எது மங்க வேண்டும் என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். இங்கே வியூஃபைண்டரில் மங்கல் துளியும் தெரியாது, இடவலமும் மாறியிருக்கும், ஆகையால் தூரத்தைக் கண்ணாலேயே கணித்தாக வேண்டும். ஷட்டரும் ஏறக்குறைய 1/30 நொடி என்பதால் பெட்டியை வயிற்றோடு அணைத்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அப்போது நான் குனிந்து பெட்டியைப் பார்க்கிறேனே தவிர எதிரே இருப்பவரைப் பார்ப்பதில்லை. கேமராவைக் கண்டாலே முகம் இறுகும் சித்தி இம்முறை இறுகாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சுந்தரம், உன் அம்மாவை நான் எடுக்கட்டுமா? போன வருடம் நீ எடுத்த படத்தில் ஒவ்வொரு சுருக்கத்தையும் எண்ணிவிடலாம், ஆனால் அதில் அம்மா இல்லை. அவர் உடல்நிலை பற்றி வாசு சொன்னதிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை. அவர் உட்கார முடிகிற நாளாகப் பார்த்துச் சொல், வந்துவிடுகிறேன்.

உன் மேசை இழுப்பறையில் கிடக்கும் 620 ஸ்பூல்களை, இந்தக் கேமராவுக்குள் பிலிம் சுற்றும் பழைய உருளைகளை, தூக்கி எறிந்துவிடாதே. இப்போது கிடைக்கும் 120 பிலிமும் அதே அகலம்தான். இருட்டில் அந்த ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம். எத்தனையாவது படம் என்று பார்க்கும் பின்புறச் சிவப்புச் சாளரம் சிவப்பு ஒளி பதியாத அந்தக் காலத்துப் பிலிமுக்காக வைத்தது என்பதால், அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். வாசுவிடம் மட்டும் எதையும் சொல்லாதே. தன் டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

அன்புடன்,
மூர்த்தி