அடிதடிக் கார்ட்டூன்: நிறுத்துவதைவிட மாற்றுவது எளிது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்முறைக் கார்ட்டூன்கள் பற்றிய தங்கள் கட்டுரை, பிள்ளைகளிடமிருந்து செல்போனை வாங்கி வைத்துவிடச் சொல்கிறது. பல வீடுகளில் அது இரண்டு நாள்கூடத் தாங்காது. பார்க்கும் நேரத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன், பார்ப்பதை மாற்றலாம்.

அமெரிக்காவின் சியாட்டிலில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் உள்ள 565 குடும்பங்களிடம் இதைச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுப் பெற்றோரிடம் நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அடிதடிக்குப் பதில், உதவுவதையும் விட்டுக்கொடுப்பதையும் காட்டும் நிகழ்ச்சிகளைப் போட்டு, கூடவே உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் நடத்தை மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. மிதமான மாற்றம்தான், ஆனால் எந்த வீட்டிலும் செய்யக்கூடியது.

'வெறும் கார்ட்டூன்தானே' என்பவர்களுக்கு ஒரு பழைய சோதனையை நினைவூட்டலாம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1963இல் வெளியிட்ட ஆய்வில், பூனை வேடமிட்ட கார்ட்டூன் உருவம் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளும் அப்படியே அடித்தார்கள். அடிக்க விடுவதற்கு முன், ஆசையான விளையாட்டுப் பொருள்களைக் காட்டிவிட்டுப் பறித்து அவர்களை எரிச்சலூட்டியிருந்தார்கள். இது முக்கியம். பார்த்த அடி, பார்க்கும்போதே வெளிவர வேண்டியதில்லை. சாயங்காலம் தம்பி பொம்மையைப் பிடுங்கும்போது வரலாம். அதனால்தான் பெற்றோருக்கு இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுவதில்லை.

நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்க, ஒரு பகுதியை நீங்களே முழுதாகப் பாருங்கள். அடிப்பது வில்லனா, நாயகனா? நாயகன் அடித்துப் பாராட்டு வாங்கினால் பிள்ளைகள் அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அடிபட்டவருக்கு வலிக்கிறதா, அடுத்த நொடியே துள்ளி எழுகிறாரா? கடைசியில் நீதி சொல்கிறார்களே என்று திருப்திப்பட வேண்டாம். ஏழு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு, நடுவில் நடந்த தப்பையும் முடிவில் கிடைத்த தண்டனையையும் சேர்த்துப் பார்ப்பது கடினம்.

செல்போனில், யூடியூப் கிட்ஸ் செயலியின் பூட்டுப் படத்தைத் தொட்டு, கடவுக்குறியீடு வைத்து, பிள்ளையின் கணக்கில் 'நீங்கள் அனுமதித்தவை மட்டும்' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். தேடும் வசதி நின்றுவிடும். நீங்கள் சேர்த்தவை மட்டுமே வரும். பத்துப் பதினைந்து காணொளிகள் சேர்த்தால் போதும், சின்னப் பிள்ளைகள் பார்த்ததையே திரும்பப் பார்ப்பார்கள். இவ்வளவு செய்தும் குலைவது பெரும்பாலும் தாத்தா பாட்டியின் போனில்தான். அதில் சாதாரண யூடியூப் திறந்திருக்கும்; ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். அங்கும் 'ஆட்டோபிளே'யை அணையுங்கள். ஓடிடி தளங்களுக்கு இந்திய அரசின் 2021 விதிகளின்படி 7+, 13+, 16+ என்ற வயதுக் குறியீடு உண்டு. யார் வேண்டுமானாலும் யூடியூபில் ஏற்றும் காணொளிகளுக்கு அது கிடையாது.

பாதியில் போனைப் பிடுங்கினால் அந்த ஆத்திரமே அடியாக மாறும். 'இது முடிந்ததும் அணைக்கலாம்' என்று முன்கூட்டியே சொல்லி, முடியும் இடத்தில் நிறுத்துங்கள்.

எல்லாச் சண்டையும் கோளாறல்ல. சிரித்துக்கொண்டு, ஆள் மாற்றி மாற்றி விழுந்து எழுந்தால் அது விளையாட்டு. எதிராளி அழுத பிறகும் அடி நிற்கவில்லை, அது வாரக்கணக்கில் தொடர்கிறது என்றால், கார்ட்டூனை மட்டும் குற்றஞ்சாட்டாமல் வீட்டில் பெரியவர்கள் கை நீட்டுகிறார்களா என்றும் பாருங்கள். குழந்தைகள் நல மருத்துவரிடமும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் மனநல ஆலோசகர்,
மதுரை