உள்ளே வந்தும் தெளியாத லென்ஸ் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: போட்டோகுரோமிக் பாலிகார்பனேட் லென்ஸை மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

கடந்த மார்ச்சில் உங்கள் நிறுவனத்தின் போட்டோகுரோமிக் லென்ஸை, அதாவது வெயிலில் கறுத்து உள்ளே வந்ததும் தெளியும் மூக்குக்கண்ணாடி லென்ஸை, 7,400 ரூபாய்க்கு வாங்கினேன். தினமும் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகிறவள் என்பதால், எளிதில் உடையாததாக வேண்டும் என்று பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் கேட்டேன். “உங்கள் பழைய லென்ஸில் இருக்கிற அதே சாயம்தான், அதே மாதிரி வேலை செய்யும்” என்றார் உங்கள் பிரதிநிதி. அதை நம்பித்தான் வாங்கினேன்.

ஜூனில் பள்ளி திறந்த வாரம், வெயிலில் வந்து இறங்கி நேராக மாடிப்படி ஏறினேன். கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. கடைசிப் படி தெரியாமல் தடுக்கி விழுந்து, முழங்கையில் நான்கு தையல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழையதையும் புதியதையும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் வெயிலில் வைத்து, உள்ளே கொண்டுவந்து வெள்ளைத்தாள் மேல் வைத்தேன். பழையது ஐந்து நிமிடத்தில் நன்றாகவே தெளிந்துவிட்டது. புதியது நாற்பது நிமிடம் கழித்தும் பழுப்பாக இருந்தது. மூன்று நாள் செய்து பார்த்தேன், மாற்றமில்லை.

நான் வேதியியல் ஆசிரியை. காருக்குள் இந்த லென்ஸ் சரியாகக் கறுக்காது, ஏனென்றால் முன்கண்ணாடி புற ஊதாக்கதிரைத் தடுத்துவிடும். கடும் வெயிலில் கறுப்பு கொஞ்சம் குறையும், ஏனென்றால் சூடு, கறுத்த சாய மூலக்கூறை நிறமற்ற பழைய வடிவத்துக்கே வேகமாகத் திருப்பும். இவை அந்தப் பொருளின் இயல்பு, இதற்கெல்லாம் நான் புகார் சொல்லவில்லை.

என் புகார் பிளாஸ்டிக் பற்றியது. இந்த லென்ஸ்களில் பெரும்பாலும் இருப்பது நாப்தோபைரான் வகைச் சாயம். புற ஊதாக்கதிர் பட்டதும் அதன் வளையத்தில் ஒரு பிணைப்பு விட்டுப்போய், மூலக்கூறின் ஒரு பகுதி திரும்பி விரிகிறது. அப்போதுதான் நிறம் வருகிறது. நிழலில் அது மறுபடி மடங்க வேண்டும். விரியவும் மடங்கவும் சுற்றிலும் இடம் வேண்டுமே! பாலிகார்பனேட் இளகுவதற்கே 150 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அவ்வளவு விறைப்பான பிளாஸ்டிக் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மூலக்கூறு எப்படிச் சட்டென்று திரும்பும்? சாயம் அதேதான் என்பது உண்மையாகவே இருக்கலாம், அது குடியிருக்கும் வீடு வேறு.

இதற்கு வழியும் இருக்கிறது. சாயத்தைப் பாலிகார்பனேட்டில் கலக்காமல், மேலே மென்மையான பிளாஸ்டிக் பூச்சில் வைத்துத் தருகிறார்கள். 2005-லேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், சாய மூலக்கூறோடு நெகிழ்வான சிலிகோன் வால் ஒன்றை இணைத்து, விறைப்பான பிளாஸ்டிக்கிலும் அது வேகமாக மாறுவதைக் காட்டினார்கள். உங்கள் கையேடோ, “சாயம் லென்ஸுக்குள்ளேயே கலந்தது, பூச்சு அல்ல, எனவே உரியாது” என்று பெருமையாகச் சொல்கிறது. எனக்குத் தையல் போட வைத்தது அந்தப் பெருமைதான்.

விளையாடும் பிள்ளைகளுக்கு உடையாத லென்ஸ் என்று இதைத்தான் பெற்றோர் வாங்கித் தருகிறார்கள். மைதானத்திலிருந்து வகுப்புக்கு வரும் குழந்தைக்கு அரை மணி நேரம் கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால், வாங்கிக் கொடுத்தவருக்குக் காரணமே புரியாது. என்னைவிட அவர்களை நினைத்துத்தான் அதிகக் கவலை.

ஆகவே, அதே பவரில் பூச்சு வகை லென்ஸ் மாற்றித் தாருங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அப்புறம், ஒவ்வொரு பிளாஸ்டிக்கிலும் தெளிய எத்தனை நிமிடம் ஆகும் என்பதைக் கையேட்டில் அச்சிடுங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ரசீது நகலும், நிமிடவாரியாக எடுத்த படங்களும் இணைத்துள்ளேன். லென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. சோதித்துப் பார்க்க எப்போது கேட்டாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்