பொருள்: ஸ்டீரிங் ராக் (ஸ்டீரிங்கின் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) மாற்றிய பின் மேடு பள்ளத்தில் கார் அலைவது பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தைப் போனிலும், மின்னஞ்சலிலும், உங்கள் செயலியிலும், சர்வீஸ் சென்டரில் நேரில் நின்றும் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் புகார் எண் வரும். பழைய எண் ‘தீர்வு காணப்பட்டது’ என்று மூடப்படும். யார் தீர்த்தார், எதைத் தீர்த்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வண்டி அப்படியே அலைகிறது. அதனால்தான் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். இதையாவது ஒருவர் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வண்டி எப்படிப்பட்டது, முன்பக்க சஸ்பென்ஷன் எந்த வகை என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. செய்து விற்றவர்கள் நீங்கள். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் என்றால் எது, ராக்கை வண்டியின் அடிச்சட்டமான சப்ஃப்ரேமில் பிடித்திருக்கும் மவுன்ட் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். உங்கள் சர்வீஸ் சென்டருக்கு அது தெரியாமல் போனதுதான் என் தலைவலி.

வாரன்டியில் இருக்கும்போதே ராக்கில் சத்தம் வந்தது. நீங்களே மாற்றிக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. மாற்றுவதற்கு முன் எந்தச் சாலையிலும் ஒரு விரலில் பிடித்து ஓட்டிய வண்டி இது. மாற்றி எடுத்து வந்த அன்றே முதல் ஒட்டுப்போட்ட சாலையில் மூக்கு இடதுபக்கம் போனது. வழுவழுப்பான சாலையில் ஒரு குறையும் இல்லை. சாலை சற்று ஏறி இறங்கினால் போதும், இடதுபக்கம் ஒதுங்குகிறது. திருத்தினால் அளவுக்கு மேல் வலதுபக்கம் போகிறது. வண்டிக்கும் சாலைக்கும் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணிக்கொண்டேதான் ஊர் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. பக்கத்தில் லாரி வரும்போது இந்தப் பஞ்சாயத்து எப்படி இருக்கும் என்று உங்கள் மேலாளர்களில் யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

இதைச் சொன்னபோது உங்கள் சர்வீஸ் அட்வைசர் என்ன சொன்னார் தெரியுமா? “ஸ்போர்ட்ஸ் கார்னா இப்படித்தான் மேடம். அகலமான டயர், ரோட்டுல இருக்கிற கோட்டையெல்லாம் புடிச்சுக்கும்.” சரி, அகல டயர் பள்ளத்தின் வழியே இழுத்துப் போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்படி இழுக்கும்போது ஸ்டீரிங் கையில் இழுக்கும், அது கைக்கே தெரியும். என் வண்டியில் ஸ்டீரிங் அசையவே இல்லை, வண்டி மட்டும் திரும்புகிறது. இரண்டும் வேறு வேறு நோய் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்: “டெக்னிக்கல் விஷயம் மேடம். வீட்ல சார் இருந்தா கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட சொல்றேன்.”

வீட்டுச் சாருக்கு லைசென்ஸே கிடையாது. இந்த வண்டி என் பெயரில், என் பணத்தில், நான் தேர்ந்தெடுத்து வாங்கியது. அந்த ஊழியரின் பெயரை இங்கே எழுதவில்லை, ஜாப் கார்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. அவர் ஒருவரால் மட்டும் இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. ஆனால் அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இத்தனை நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

டயர்தான் காரணம் என்ற வாதத்தை முடித்து வைக்கிறேன். இதே மாடல், இதே அளவு டயர் உள்ள வண்டி என் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. நான்கு சக்கரத்தையும் கழற்றி மாற்றி மாட்டினோம், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றையும் சரிபார்த்தோம். அவர் சக்கரத்தில் என் வண்டி அலைந்தது. என் சக்கரத்தில் அவர் வண்டி அதே சாலையில், அதே வேகத்தில் நேராகப் போனது. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே இப்படித்தான் என்றால் அவருடையது என்ன, மாட்டு வண்டியா?

அடுத்து அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது. “எல்லாம் பச்சையா இருக்கு பாருங்க மேடம்” என்று ஒவ்வொரு தடவையும் ஒரு தாளை நீட்டினார்கள். பச்சை என்றால் அளவு சரி என்று அர்த்தமாம். அந்தத் தாள்களையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன், நகல்களை இணைத்துள்ளேன். தயவுசெய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தாளில் வேலை முடிந்தபின் உள்ள இடது முன்சக்கர டோ (சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) அளவும், அடுத்த தாளில் வேலை தொடங்கும் முன் உள்ள அளவும் ஒன்றாக இல்லை. இடையில் வண்டி எங்கும் இடிபடவில்லை, பள்ளத்தில் விழவில்லை, வீட்டில் நின்றதுதான் அதிகம். சரியாக முடுக்கிய டோ தானாக எப்படி மாறும்? எங்கோ ஒன்று நகர்கிறது என்றுதானே அர்த்தம்? இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியரிங் படிக்க வேண்டாம், இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்தால் போதும். உங்கள் ஆட்கள் ஒவ்வொரு தடவையும் மறுபடி பச்சைக்குக் கொண்டுவந்து அனுப்பினார்கள். ஏன் பச்சையிலிருந்து நகர்ந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

‘ரொம்பச் சின்ன வித்தியாசம்’ என்றார் ஒருவர். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு டோ மாறினால், 18 அங்குல ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நடுவே கிட்டத்தட்ட 0.8 மி.மீ. வித்தியாசம் வரும். பார்க்கச் சின்னதுதான். அந்த 0.8 மி.மீ.தான் என் முன் டயர்களின் உள்ஓரத்தை ரம்பப் பல் போல அரித்துவைத்திருக்கிறது.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ‘தலைமையகத்திலிருந்து சஸ்பென்ஷன் நிபுணர் வருகிறார், நீங்களும் இருந்தால் நல்லது’ என்று உங்கள் அழைப்பு மையம் நேரம் குறித்துக் கொடுத்தது. விடுப்பு எடுத்தேன். அலையும் வண்டியை அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு போனேன். காத்திருந்தேன். நிபுணர் வரவில்லை. வருவதாக இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வண்டியைக் கழுவித் துடைத்து, உள்ளே வாசனை அடித்து, ‘சோதனை ஓட்டம் செய்யப்பட்டது, குறை எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கே ஓட்டினார்கள் என்று கேட்டேன். சென்டர் வாசலில் புதிதாகப் போட்ட சாலையில்! மேடு பள்ளத்தில்தான் அலைகிறது என்று புகாரின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது. பல்வலி என்று வந்தவருக்குக் காலைப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவர் உண்டா? அன்றைக்கும் அதே அட்வைசர்தான். “சார் வரலையா மேடம்?” என்று சிரித்தார்.

வேறு வழியில்லாமல் வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சிறிய ஷெட், ஏசி இல்லை, காபி மெஷின் இல்லை. அவர் முதலில் கேட்ட கேள்வி: “ஸ்பீடு பிரேக்கரை நேரா ஏறி இறங்கினா என்ன பண்ணுதும்மா?” இடதுபக்கம் போகிறது என்றேன். ஒரு சக்கரம் மட்டும் இறங்கும் பள்ளத்தில் கொஞ்சம் திரும்பினால் அது வேறு, இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போதும் ஒரே பக்கம் போகிறது என்றால் இடதும் வலதும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்றார். உங்கள் சென்டரில் இத்தனை தடவையில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

அவர் வண்டியை லிஃப்டில் தூக்கவே இல்லை. தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஆட்டிப் பார்த்தால் இது அகப்படாது, பாரம் சக்கரத்தின் மேல் நிற்க வேண்டும் என்றார். சக்கரம் தரையில் இருக்க, என்னை ஸ்டீரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக அசைக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் இருக்கும் ஷெட் பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ராக்கின் இடது பக்கம், சக்கரம் திரும்புவதற்கு முன்பே, தான் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறது. பிறகு நான் இறங்கி நானே பார்த்தேன். வீடியோவும் எடுத்திருக்கிறேன்.

அதோடு விடவில்லை. முன்னால் நின்று பார்த்தால், ராக்கிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கம்பிகளான இரண்டு டை ராடும் ஒரே சாய்வில் இல்லை. அலைன்மென்ட் மெஷினில் நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கியில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தித் திரையைப் பார்க்கச் சொன்னார். வலது சக்கரத்தின் டோ கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. இடது சக்கரத்தினுடையது வண்டி உயர உயரக் கூடவே ஓடியது. “ராக்கு நேரா உட்காரலம்மா. இடது மவுன்ட் புஷ்ஷு முழுசா உள்ள இறங்கல. நின்ன வண்டியில எத்தனை தடவ அலைன்மென்ட் பண்ணாலும் பச்சைதான் காட்டும். ஓடுற வண்டியிலதான் அது சிவப்பு.”

இந்த ஒரு வாக்கியத்துக்காக உங்களிடம் எத்தனை தடவை அலைந்தேன்!

இன்னொன்றும் சொன்னார். ராக்கை மாற்ற சப்ஃப்ரேமை இறக்கியபோது லோயர் ஆர்ம் போல்ட்டைக் கழற்றியிருப்பார்கள், திரும்ப மாட்டும்போது வண்டி லிஃப்டில் தொங்கும் நிலையிலேயே முடுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்றார். சக்கரம் தரையில் நிற்கும் உயரத்தில்தான் அந்த போல்ட்டைக் கடைசியாக முடுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். இடது பின் புஷ்ஷில் கிழிசல் தெரிகிறது, புகைப்படம் இணைத்துள்ளேன். உங்கள் ஒர்க்ஷாப் கையேட்டில் இது எழுதியிருக்காதா? நீங்கள் எழுதிய கையேடுதானே?

அவரையே சரிசெய்யச் சொல்லியிருப்பேன். ‘வெளியில் கைவைத்தால் வாரன்டி போய்விடும்’ என்று உங்கள் அட்வைசர் முன்கூட்டியே மிரட்டியிருக்கிறார். நீங்களும் செய்ய மாட்டீர்கள், செய்யத் தெரிந்தவரையும் செய்ய விட மாட்டீர்கள் என்றால் நான் வண்டியைப் பூஜை அறையில் வைத்துக்கொள்ளவா?

என் நஷ்டத்தைக் கணக்குப் போட்டால் இன்னொரு வண்டியே வாங்கியிருக்கலாம். முன் டயர் இரண்டும் போச்சு. விடுப்பெல்லாம் போச்சு. தோள்பட்டை வலி வந்து ஒட்டிக்கொண்டது. என் அம்மா இந்த வண்டியில் ஏறுவதில்லை. வாழ்க்கையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, அதற்கு என்ன விலை போடுவீர்கள்?

நான் சண்டைக்காரி அல்ல. உங்கள் நிறுவனத்தின் மேல் மதிப்பு இருந்ததால்தான் இத்தனை நாள் பொறுத்தேன், இன்னும் பேசித் தீர்க்கவே விரும்புகிறேன். தயவுசெய்து ராக்கை இறக்கி, இரண்டு மவுன்ட் புஷ்ஷையும் புதிதாகப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் உட்கார வையுங்கள். கிழிந்த லோயர் ஆர்ம் புஷ்ஷை மாற்றி, சக்கரம் தரையில் நிற்கும் உயரத்தில் முடுக்குங்கள். அதன்பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு பக்க டோவும் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். பச்சை வண்ணத் தாள் மட்டும் போதாது. கடைசி அலைன்மென்ட்டைக் கையேட்டில் உள்ள எரிபொருள் அளவோடும் பாரத்தோடும் செய்ய வேண்டும். சோதனை ஓட்டம் நான் சொல்லும் சாலையில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நடக்க வேண்டும். முன் டயர்கள் உங்கள் செலவு.

வாரன்டி முடியப் போகிறது, அதற்காகத்தான் இழுத்தடிக்கிறீர்கள் என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. முதல் புகார் வாரன்டிக்குள் பதிவானது, அதன் எண்ணும் இணைப்பில் உள்ளது. தேதியைக் காட்டித் தப்பிக்க வழியில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வர வேண்டும். வராவிட்டால் ஜாப் கார்டுகள், அலைன்மென்ட் தாள்கள், வீடியோ எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ஸ்டீரிங் சம்பந்தப்பட்ட குறை உயிர் சம்பந்தப்பட்டது. தெரிந்தும் ‘குறை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்தும் அந்த ஆவணக் கட்டில் இருக்கும்.

அந்த அட்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம், வீட்டுச் சாரிடம் அல்ல.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல்கள், அலைன்மென்ட் தாள்கள், புகைப்படங்கள், ராக் ஆடும் வீடியோ.

பி.கு.: இதைப் படித்துவிட்டுப் போன் செய்பவர் தயவுசெய்து “என்ன பிரச்சினை மேடம்?” என்று ஆரம்பிக்க வேண்டாம்.